நாலைந்து பேர் சேர்ந்து ஒரு தமிழ் நிரல்மொழிக்குக் கம்பைலர் எழுதுவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

ஐபிஎம்மில் ஜான் பேக்கஸ் தலைமையில் ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழிக்கு முதல் கம்பைலரை (நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருளை) எழுதியவர்கள் ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தார்கள். 1954இல் தொடங்கிய வேலை 1957இல்தான் கைக்கு வந்தது. அவர்களுக்கு முன்னால் யாரும் போட்டுவைத்த பாதை இல்லை. இன்று பார்சர் (நிரலின் இலக்கண அமைப்பைப் பிரித்தறியும் பகுதி) எழுதும் முறைகள் கல்லூரிப் பாடத்தில் இருக்கின்றன. கம்பைலர் கட்ட உதவும் எல்எல்விஎம் போன்ற கருவிகள் காசில்லாமல் கிடைக்கின்றன. பகலில் வேறு வேலை பார்க்கும் நாலைந்து பேர் மாலை நேரங்களில் உட்கார்ந்தால், ஒரு சிறிய மொழிக்கு ஒழுங்காக ஓடும் கம்பைலரை எழுதிவிட முடியும். முயற்சி பாதியில் நின்றால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: நாலு பேரும் ஒரே மொழியை எழுதுவதாக நினைத்துக்கொண்டு நாலு மொழியை எழுதிக்கொண்டிருப்பார்கள். அதைத் தடுப்பது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி முழுக்க.

நாங்கள் மொரீஷியஸில் இருக்கிறோம். ஒருவர் எபேன் சைபர் சிட்டியில் வேலை பார்க்கிறார், ஒருவர் ரெதுயி பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிறார், ஒருவர் ரோஸ் ஹில்லில் தமிழாசிரியை. ரீயூனியனில் சாந்த் ஆந்த்ரேயிலிருந்து ஒருவரும் டர்பனிலிருந்து ஒருவரும் சேர்ந்திருக்கிறார்கள். கீழே சொல்வது இப்படிச் சிதறிக் கிடக்கும் ஒரு குழுவுக்காக. ஒரே அறையில் உட்காரும் குழுவுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

படி 1: யாருக்காக இந்த மொழி என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

பெயர் வைப்பது, லோகோ வரைவது எல்லாம் அப்புறம். முதலில் ஒரு பக்கம். அதில் மூன்று கேள்விக்குப் பதில் இருந்தால் போதும். யார் இந்த மொழியில் எழுதப்போகிறார்கள்? அவர்கள் முதல் நாளில் என்ன நிரல் எழுதுவார்கள்? இந்த மொழி எதைச் செய்யாது?

எங்கள் பதில் இது. மொரீஷியஸில் தொடக்கப் பள்ளியிலேயே தமிழை ஒரு பாடமாக எடுக்கலாம். அப்படிப் படிக்கும் பிள்ளைகள் பலர் வீட்டில் பேசுவது கிரியோல். தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிப்பார்கள். ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்தைத் தினமும் பார்க்கிறார்கள், ஆனால் அந்த எழுத்தை வைத்துக் கணினியை ஏதாவது செய்யச் சொல்லும் வாய்ப்பு அவர்களுக்கு அரிது. அந்தப் பிள்ளைகள் பெருக்கல் வாய்ப்பாடு அச்சிடும் நிரலைத் தமிழில் எழுத வேண்டும். இணையதளம் கட்டுவது, கைபேசிச் செயலி எழுதுவது இந்த மொழியின் வேலை இல்லை.

மூன்றாவது கேள்விதான் மிகவும் பயன்படும். ஆறு மாதம் கழித்து யாராவது ஒருவர் இணை இயக்கம் (பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டுவது) வேண்டும், மேக்ரோ (நிரலையே உருவாக்கும் குறுக்குவழி) வேண்டும் என்று நல்ல எண்ணத்தோடு கேட்பார். அன்று அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினால் போதும்.

தமிழில் ஏற்கெனவே எழில் என்ற நிரல்மொழி இருக்கிறது. முத்து அண்ணாமலை உருவாக்கியது, மூலநிரல் திறந்தே இருக்கிறது. உங்கள் தேவை அதிலேயே தீருமானால் அதில் சேர்ந்து வேலை செய்யுங்கள். புதிதாகத்தான் எழுதப்போகிறீர்கள் என்றாலும் அதன் மூலநிரலைப் படித்துவிட்டு ஆரம்பியுங்கள். தமிழ் வாக்கிய அமைப்பு நிரலில் எப்படி உட்காரும் என்ற கேள்வியை அவர்கள் உங்களுக்கு முன்பே சந்தித்திருக்கிறார்கள்.

படி 2: யார் முடிவு சொல்வது?

இதைச் சண்டை வருவதற்கு முன்பே தீர்த்துவிடுங்கள். பைத்தான் மொழியை உருவாக்கிய கீடோ வான் ராசம் பல ஆண்டுகள் கடைசி வார்த்தை சொல்பவராக இருந்தார். ஒரு வெளிப்பாட்டுக்கு (கணக்குக்கு) நடுவிலேயே மாறிக்கு (மதிப்பைத் தாங்கும் பெயருக்கு) மதிப்புக் கொடுக்கும் குறியீட்டைச் சேர்ப்பது பற்றிய விவாதம் (572ஆம் எண் முன்மொழிவு) கசந்துபோய், 2018 ஜூலையில் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். 2019இலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து பேர் குழு அந்த வேலையைப் பார்க்கிறது. உலகமே பயன்படுத்தும் மொழியில் இப்படி நடந்தது. ஐந்து பேர் குழுவிலும் நடக்கும்.

எனக்குச் சரியாகப் படும் முறை: இலக்கணத்துக்கு ஒருவர், கம்பைலரின் உள்கட்டமைப்புக்கு ஒருவர். இலக்கணத்தில் இழுபறி வந்தால் முதலாமவர் சொல்வது நிற்கும். உள்ளே இழுபறி வந்தால் இரண்டாமவர். வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாம். மொழியைத் தொடும் எந்த மாற்றத்துக்கும் ஒரு சிறு முன்மொழிவு எழுத வேண்டும்: என்ன மாற்றம், ஏன், பழைய நிரல்களில் எது உடையும், இதைத் தவிர வேறு என்ன வழி யோசித்தோம். ரஸ்ட் மொழிக்காரர்கள் 2014இலிருந்து இப்படித்தான் செய்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் பேசி முடித்த விஷயத்துக்கு மூன்று வாரம் கழித்து மதிப்பே இல்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை நினைவில் வைத்திருப்பார்கள். பேசுங்கள், ஆனால் முடிவைக் களஞ்சியத்தில் (குழுவின் நிரல் கோப்புகள் எல்லாம் சேர்ந்திருக்கும் பொது இடத்தில்) ஒரு கோப்பாகப் போடுங்கள்.

படி 3: மொழியின் வரையறையை எழுதுங்கள்

இங்கேதான் நாலு மொழி ஒரு மொழியாக மாறும். பெரிய ஆவணம் தேவையில்லை. நிபந்தனை, சுழற்சி, சார்பு (பெயர் வைத்து அழைக்கும் நிரல்துண்டு), எண், சரம் (எழுத்துத் தொடர்), பட்டியல் ஆகிய ஆறையும் பத்துப் பக்கத்துக்குள் சொல்லிவிடலாம். முக்கியம் என்னவென்றால் எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிடும் இடங்களை எழுதுவது.

ஒரு உதாரணம் பாருங்கள். மைனஸ் 7ஐ 2ஆல் முழு எண்ணாக வகுத்தால் என்ன வரும்? சி மொழியிலும் ரஸ்ட்டிலும் மைனஸ் 3 வரும், ஏனென்றால் அவை பூஜ்ஜியத்தை நோக்கி வெட்டும். பைத்தானில் மைனஸ் 4 வரும், அது கீழ்நோக்கிப் போகும். உங்கள் குழுவில் ஒருவர் பைத்தானில் பழகியவர், இன்னொருவர் சி-யில் பழகியவர் என்றால் இரண்டு பேரும் தங்களுக்கு இயல்பானதை எழுதிவிட்டு, மற்றவர் எழுதியதில் பக் (நிரல் பிழை) இருப்பதாகச் சொல்வார்கள். வரையறையில் ஒரு வரி எழுதிவிட்டால் அந்த விவாதமே இல்லை.

அதே மாதிரி இன்னும் சில. எண் எவ்வளவு பெரிதாகலாம்? 64 பிட்டைத் தாண்டினால் பிழையா, தானாக நீளுமா? எழுது(முதல்(), இரண்டாவது()) என்று இரண்டு சார்பைக் கொடுத்தால் எது முதலில் ஓடும்? இடமிருந்து வலம் என்று நாம் நினைப்போம், ஆனால் சி மொழி அதற்கு உத்தரவாதம் தராது. மதிப்பே கொடுக்காத மாறியைப் படித்தால் என்ன ஆகும்? "மா" + 5 என்று சரத்தோடு எண்ணைக் கூட்டினால்? பிள்ளைகள் எழுதப்போகிற மொழி என்பதால் இவற்றுக்கெல்லாம் நாங்கள் எடுத்த நிலை ஒன்றே: சந்தேகம் வந்தால் நிரலை நிறுத்தி, புரிகிற மாதிரி பிழை சொல்வது. வேகம் வேண்டும் என்பவர்கள் வேறு முடிவு எடுக்கலாம். எதுவானாலும் எழுதிவையுங்கள்.

வரையறையில் இருக்கும் ஒவ்வொரு விதிக்குக் கீழும் ஒரு குட்டி நிரலும் அதன் வெளியீடும் இருக்கட்டும். அவையே பின்னால் டெஸ்ட் ஆகும்.

படி 4: ஒரே ஒரு வரியை முழுத் தூரமும் ஓட விடுங்கள்

முழு லெக்ஸரை (நிரல் வரியைச் சொல், எண், குறி என்று துண்டாக்கும் பகுதியை) முடித்துவிட்டுத்தான் பார்சர், பார்சரை முடித்துவிட்டுத்தான் மற்றது என்று போகாதீர்கள். அப்படிப் போனால் முதல் மூன்று மாதம் எதுவும் ஓடாது. பின்பகுதி (இயங்கும் நிரலை உருவாக்கும் பகுதி) எழுத வேண்டியவர் சும்மா காத்திருப்பார். அப்புறம் ஒரு நாள் வராமல் போய்விடுவார்.

முதல் இலக்கு இவ்வளவுதான்:

எழுது(42)

இந்த வரி லெக்ஸர், பார்சர், சோதனை, குறிமுறை உருவாக்கம் என்று எல்லாப் படியையும் தாண்டி, இயங்கும் கோப்பாகி, திரையில் 42 என்று காட்ட வேண்டும். ஒவ்வொரு படியும் இப்போதைக்கு இருபது முப்பது வரிதான் இருக்கும், அசிங்கமாகக்கூட இருக்கலாம். எல்லோரும் ஒன்றாக, திரையைப் பகிர்ந்துகொண்டு இதை எழுதுங்கள். இதற்குப் பிறகு ஒவ்வொருவரும் தன் பகுதியை அகலப்படுத்தலாம், எந்த நாளிலும் முழுக் கம்பைலர் ஓடிக்கொண்டே இருக்கும்.

கம்பைலரை எந்த மொழியில் எழுதுவது என்ற கேள்வி இங்கே வரும். குழுவில் அதிகம் பேருக்கு எது நன்றாகத் தெரியுமோ அதில். தன் மொழியின் கம்பைலரைத் தன் மொழியிலேயே எழுதும் ஆசை எல்லோருக்கும் வரும், அது நியாயமான ஆசைதான். ஆனால் ரஸ்ட்டின் முதல் கம்பைலர் ஓகேமல் மொழியில் இருந்தது. கோ மொழியின் கம்பைலர் 2015இல் வந்த 1.5ஆம் பதிப்பு வரை சி-யில் இருந்தது. நீங்களும் பொறுக்கலாம்.

படி 5: எல்லைகளைக் கோப்பாக்கி, வேலையைப் பிரியுங்கள்

கம்பைலர் குழு வேலைக்கு நன்றாக ஒத்துவரும் பொருள், ஏனென்றால் அதன் படிகளுக்கு நடுவே இயல்பான எல்லைகள் இருக்கின்றன. அந்த எல்லையில் என்ன கைமாறுகிறது என்பதைக் கண்ணால் படிக்கக்கூடிய எழுத்துவடிவில் முடிவுசெய்துவிட்டால், இரண்டு பேர் ஒருவரை ஒருவர் கேட்காமலே வாரக்கணக்கில் வேலை செய்யலாம்.

இந்த வரியை எடுத்துக்கொள்வோம்:

தொகை = விலை * 3

லெக்ஸர் இதைப் படித்துத் தர வேண்டியது (கடைசியில் வரி எண்ணும் வரியில் இடமும்):

பெயர் "தொகை" 1:1
ஒதுக்கு "=" 1:4
பெயர் "விலை" 1:6
பெருக்கு "*" 1:9
எண் "3" 1:11
வரிமுடிவு 1:12

பார்சர் இதை வாங்கித் தர வேண்டியது (இதை மரம் என்பார்கள்):

(ஒதுக்கு தொகை
  (பெருக்கு விலை 3))

ஒவ்வொரு படிக்கும் இப்படி அச்சிட்டுக் காட்டும் ஒரு கட்டளையைக் கம்பைலரில் முதல் வாரத்திலேயே வையுங்கள். டர்பனில் இருப்பவர் பார்சர் எழுதுகிறார் என்றால், லெக்ஸர் தயாராகும்வரை காத்திருக்க வேண்டாம். மேலே உள்ள டோக்கன் (லெக்ஸர் பிரித்துத் தரும் துண்டு) பட்டியலைக் கையால் எழுதிக் கொடுத்தே அவர் தன் பார்சரைச் சோதிக்கலாம். பிழை வந்தாலும் யார் பக்கம் என்று அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும். டோக்கன் பட்டியல் சரி, மரம் தப்பு என்றால் பார்சர். முடிந்தது.

இந்த வடிவங்களை மாற்றுவதற்கு மட்டும் கடுமையான விதி வேண்டும். ஒரு டோக்கனின் பெயரை மாற்றுவதாக இருந்தாலும் இரண்டு பக்கத்திலும் வேலை செய்பவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். உள்ளே எப்படி எழுதுகிறார்கள் என்பது அவரவர் விருப்பம்.

வரியின் எந்த இடம் என்ற எண்ணையும் கவனியுங்கள். "தொகை"யை இரண்டு எழுத்தாக எண்ணியதால்தான் சமக்குறி நாலாவது இடத்தில் வந்தது. இது அப்படி ஒன்றும் தானாக நடக்காது. அடுத்த படி அதைப் பற்றித்தான்.

படி 6: லெக்ஸர், அதாவது தமிழ் எழுத்தின் உள்ளே போவது

ஆங்கிலச் சொற்களை வைத்த மொழிக்கு லெக்ஸர் ஒரு வாரயிறுதி வேலை. தமிழுக்கு அப்படியில்லை. குழுவிலேயே பொறுமையும் தமிழ் எழுத்து பற்றிய அக்கறையும் உள்ளவருக்கு இதைக் கொடுங்கள்.

முதல் சிக்கல், எது பெயர் என்பது. பைத்தானில் "தமிழ்" என்ற சொல்லைக் கொடுத்து இது முழுக்க எழுத்துகளா என்று கேட்டால் இல்லை என்று வரும். இதைப் பெயராக வைக்கலாமா என்று கேட்டால் வைக்கலாம் என்று வரும். உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு தரத்தின் வகைப்பாட்டில் த, ம, ழ ஆகியவை எழுத்து. "மி"யில் உள்ள மேல்விலங்கும் "ழ்"இல் உள்ள புள்ளியும் எழுத்தோடு சேரும் குறிகள். எழுத்தாக இருந்தால் மட்டும் எடு என்று எழுதிய லெக்ஸர் "தம" வரை படித்துவிட்டு நின்றுவிடும். யூனிகோடு அமைப்பே நிரல்மொழிப் பெயர்களுக்கென்று தொடக்க எழுத்து எது, தொடரும் எழுத்து எது என்று தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள், சொந்தமாகப் பட்டியல் போடாதீர்கள்.

இரண்டாவது, எண்ணிக்கை. "கொடி" என்ற சொல் கண்ணுக்கு இரண்டு எழுத்து. யூனிகோடில் நான்கு குறி. யூனிகோடைக் கோப்பில் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் வீதம் 12 பைட். பிழை எந்த இடத்தில் என்று சொல்லும்போது மாணவருக்கு இரண்டாவது கணக்கு உதவாது, மூன்றாவது கணக்கு குழப்பும். ஆனால் எடிட்டரோடு பேசும்போது வேறு கணக்கு வேண்டும்: எடிட்டரும் மொழிக் கருவியும் பேசிக்கொள்ள மைக்ரோசாஃப்ட் 2016இல் வெளியிட்ட லாங்குவேஜ் சர்வர் நெறிமுறை யுடிஎஃப்-16 அலகுகளைத்தான் வழக்கமாக எண்ணும். அதனால் உள்ளுக்குள் பைட் இடத்தை மட்டும் வைத்துக்கொண்டு, வெளியே சொல்லும்போது தேவைப்பட்ட கணக்குக்கு மாற்றுங்கள்.

மூன்றாவது, ஒரே மாதிரித் தெரியும் வெவ்வேறு எழுத்துகள். "கொ"வில் உள்ள குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். ஒற்றைக் கொம்பும் காலும் என இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரையில் இரண்டாவது வகை வரலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, ஆனால் கம்பைலருக்கு இவை இரண்டு வேறு மாறிகள். இதற்கு மருந்து உண்டு: யூனிகோடின் என்எஃப்சி இயல்பாக்கத்தைப் பெயர்கள் எல்லாவற்றுக்கும் லெக்ஸரிலேயே செய்துவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

மருந்து இல்லாத இடம் ஔகாரம். "மௌனம்" என்று ஒருவர் தட்டச்சு செய்வார். இன்னொருவர் ஒற்றைக் கொம்பு, ம, ள என்ற எழுத்து என்று "மெளனம்" எனத் தட்டுவார். இயல்பாக்கம் இதைத் தொடாது, ஏனென்றால் ள உண்மையிலேயே ஒரு தனி எழுத்து. தானாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். மாற்றக் கூடாது. "ஒளி" என்று ஒரு மாறி வைத்தவரை நாம் "ஔி" என்று எழுத வைத்துவிடுவோம். நான் பரிந்துரைப்பது இது: இரண்டையும் வேறு வேறு பெயராகவே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மாறி கிடைக்கவில்லை என்ற பிழை வரும்போது, இந்த ஒரு வித்தியாசத்தில் மட்டும் ஒத்துப்போகும் பெயர் நிரலில் வேறெங்காவது இருக்கிறதா என்று தேடி, இதைத்தான் சொன்னீர்களா என்று கேளுங்கள். "ஸ்ரீ"க்கும் இதே வைத்தியம், அதையும் இரண்டு விதமாகத் தட்டுகிறார்கள்.

கண்ணுக்கே தெரியாத இணைப்புக் குறிகளும் உண்டு. "க்ஷ"வை உடைத்துக் காட்டப் போடுவது அதில் ஒன்று. பெயருக்குள் அவை வந்தால் அந்த இடத்திலேயே தெளிவாகப் பிழை சொல்லுங்கள்.

அப்புறம் தமிழ் எண்கள். இவற்றை ஏற்க வேண்டும் என்று யாராவது உணர்ச்சியோடு கேட்பார்கள், எனக்கும் அந்த உணர்ச்சி உண்டு. ஆனால் ௧ + ௨ என்பதையும் க + உ என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று மூன்று என்ற விடை தரும். மற்றது இரண்டு மாறிகளின் கூட்டல். பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. கற்றுக்கொள்ளும் பிள்ளை முன்னால் இதை வைப்பது நியாயமில்லை. முதல் பதிப்பில் 1, 2, 3 மட்டும். வெளியீட்டில் தமிழ் எண்ணாக அச்சிட ஒரு சார்பு கொடுங்கள், அதில் யாருக்கும் குழப்பம் வராது.

படி 7: பார்சர்

ஒவ்வொரு இலக்கண விதிக்கும் ஒரு சார்பு என்ற முறையில் கையாலேயே எழுதுங்கள். பார்சர் தயாரிக்கும் கருவிகள் நல்லவைதான், ஆனால் அவை தரும் பிழைச் செய்தியைத் தமிழில் இதமாக்குவது பெரும்பாடு. கூட்டல், பெருக்கல் போன்றவற்றின் முன்னுரிமைக்கு வான் பிராட் 1973இல் சொன்ன முறையைப் படியுங்கள். சின்ன அட்டவணை ஒன்றில் எல்லாம் அடங்கிவிடும்.

தமிழுக்கென்று ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். விலை > 100 ஆனால் என்று நிபந்தனை முன்னாலும் சொல் பின்னாலும் வருவது நமக்கு இயல்பு. ஆனால் பார்சர் அந்த வரியைத் தொடங்கும்போது அது நிபந்தனையா வெறும் கணக்கா என்று தெரியாது. எழில் மொழியில் நிபந்தனையை @ குறியோடு அடைப்புக்குள் எழுதி, பின்னால் ஆனால் போடுவார்கள். முன்னாலேயே ஒரு அடையாளம் கிடைத்துவிடுகிறது. அடையாளம் இல்லாமலும் முடியும்: முழு வெளிப்பாட்டையும் படித்துவிட்டு அடுத்த டோக்கன் என்ன என்று பார்த்தால் போதும். ஒரு டோக்கன் முன்னோட்டம்தான். நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். பிள்ளைகள் எழுத வேண்டிய குறி ஒன்று குறைகிறது.

படி 8: பிழைச் செய்திகளைக் கம்பைலரிலிருந்து பிரித்து வையுங்கள்

கம்பைலருக்குள் எந்த இடத்திலும் நேரடியாக வாக்கியம் எழுதாதீர்கள். ஒவ்வொரு பிழைக்கும் ஒரு எண் கொடுத்து, வாக்கியங்களைத் தனிக் கோப்பில் போடுங்கள். அப்படிச் செய்தால் தமிழ்க் கோப்புக்குப் பக்கத்தில் கிரியோல் கோப்பு ஒன்றும் பிரெஞ்சுக் கோப்பு ஒன்றும் வைக்கலாம். மொரீஷியஸிலும் ரீயூனியனிலும் இது வசதிக்காகச் செய்வது இல்லை, அவசியம். தமிழைக் கூட்டிப் படிக்கும் பிள்ளை நிரலைத் தமிழில் எழுதிவிடும். தன் நிரல் ஏன் ஓடவில்லை என்ற விளக்கத்தை வீட்டில் பேசும் மொழியில் கேட்டால்தான் அதற்குப் பிடிபடும்.

இந்தக் கோப்புகளை எழுதுவது கம்பைலர் தெரியாதவர் செய்யக்கூடிய, செய்ய வேண்டிய வேலை. எங்கள் தமிழாசிரியைதான் இதற்குப் பொறுப்பு. "எதிர்பாராத டோக்கன்: வரிமுடிவு" என்று இருந்த செய்தியைப் பார்த்துவிட்டு, "தம்பி, டோக்கன் என்றால் பிள்ளைக்கு என்ன தெரியும்? என்ன எழுதவில்லை என்று சொல்லுங்கள்" என்றார். இப்போது அது இப்படி இருக்கிறது:

3ஆம் வரி: 'விலை > 100' என்பதற்குப் பிறகு 'ஆனால்' வர வேண்டும். விட்டுப்போயிருக்கிறதா?

தவறான சொல்லுக்குக் கீழே அம்புக்குறி போடும் வழக்கத்தையும் விட்டுவிட்டோம். டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரத்தில்) தமிழ் எழுத்துகளின் அகலம் ஒரே மாதிரி இருப்பதில்லை, அம்பு பக்கத்துச் சொல்லைக் காட்டும். சொல்லையே எடுத்து மேற்கோளில் காட்டினால் எந்தத் திரையிலும் சரியாக இருக்கும்.

படி 9: பின்பகுதி

எல்எல்விஎம் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2000இல் தொடங்கியது. இன்று ரஸ்ட், ஸ்விஃப்ட் போன்ற பல மொழிகள் அதன்மேல் நிற்கின்றன. அதைக் கற்பது நல்லது. ஆனாலும் முதல் பதிப்புக்கு நான் சொல்வது சி நிரலை உருவாக்குவது. சி கம்பைலர் எல்லா இடத்திலும் இருக்கிறது, உருவான கோப்பைத் திறந்து கண்ணால் படிக்கலாம், குழுவில் எல்லோராலும் ரிவ்யூ செய்ய முடியும்.

மூன்று இடத்தில் கவனம். முதலாவது, தமிழ் மாறிப் பெயர்களை அப்படியே சி-யில் போடாமல், யூனிகோடு எண்ணை வைத்து ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் கொண்ட பெயராக மாற்றுங்கள். இரண்டாவது, படி 3இல் சொன்ன அதே வகுத்தல், அதே வரிசை. சி-யில் முழு எண் எல்லை தாண்டினால் என்ன நடக்கும் என்று வரையறையே கிடையாது. கூட்டுவதற்கு முன் சோதிக்கும் சிறு சார்பை நீங்களே எழுத வேண்டும். மூன்றாவது, சார்புக்குக் கொடுக்கும் ஒவ்வொரு மதிப்பையும் வரிசையாகத் தற்காலிக மாறிகளில் வாங்கிவிட்டு அப்புறம் அழையுங்கள். அப்போதுதான் இடமிருந்து வலம் என்று வரையறையில் எழுதியது உண்மையாகும்.

படி 10: டெஸ்ட்தான் ஒப்பந்தம்

வரையறையில் இருக்கும் ஒவ்வொரு குட்டி நிரலும் ஒரு கோப்பு. அதன் வெளியீடு பக்கத்தில் இன்னொரு கோப்பு. மாற்றம் எதுவும் உள்ளே வருவதற்கு முன் எல்லாம் ஓட வேண்டும். பிழை வர வேண்டிய நிரல்களும் இதில் சரிபாதியாவது இருக்கட்டும். சரியான நிரலை ஓட வைப்பதைவிடத் தவறான நிரலை நிறுத்துவதில்தான் கம்பைலர்கள் சறுக்கும்.

நேரம் இருந்தால் மரத்தை நேரடியாக ஓட்டும் சிறிய இன்டர்பிரிட்டர் ஒன்றையும் எழுதுங்கள். சில நூறு வரிதான். ஒரே நிரலை அதிலும் கம்பைலரிலும் ஓட்டி, விடை வேறுபட்டால் இரண்டில் ஒன்று தப்பு, அல்லது வரையறையில் ஓட்டை இருக்கிறது. இதைத் தானியங்கியாகவும் செய்யலாம்: இலக்கணத்துக்குள் அடங்கும் நிரல்களைக் கண்டபடி உருவாக்கி இரண்டிலும் ஓட்டுவது. யூட்டா பல்கலைக்கழகத்தில் சிஸ்மித் என்ற கருவியால் இப்படித்தான் சி கம்பைலர்களில் அதுவரை தெரியாத 325க்கும் மேற்பட்ட பக்குகளைக் கண்டுபிடித்து 2011இல் வெளியிட்டார்கள். பல ஆண்டு பழகிய கம்பைலர்களிலேயே அவ்வளவு இருந்தது.

ஒரு பக் திருத்தும் புல் ரிக்வெஸ்ட்டில் (மாற்றத்தைக் களஞ்சியத்தில் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையில்), அந்தப் பக்கைக் காட்டும் நிரலும் டெஸ்டாகச் சேர்ந்தே வர வேண்டும். இதில் விதிவிலக்கு வேண்டாம்.

படி 11: தினசரி வேலை

புல் ரிக்வெஸ்ட் சின்னதாக இருக்கட்டும். சாயங்காலம் களைத்து வந்து உட்காரும் ஒருவர் ஒரே மூச்சில் படித்து முடிக்கும் அளவு. எழுதியவரைத் தவிர இன்னொருவர் படித்த பிறகே மெர்ஜ் (பொது நிரலோடு சேர்ப்பது). ரிவ்யூ செய்பவர் அந்தப் பகுதிக்குச் சொந்தக்காரர் இல்லாதவராக இருந்தால் இன்னும் நல்லது. அப்படித்தான் லெக்ஸர் எழுதுபவருக்குப் பின்பகுதியும் புரிய ஆரம்பிக்கும்.

வாரத்துக்கு ஒரு கூட்டம் போதும். மொரீஷியஸுக்கும் ரீயூனியனுக்கும் ஒரே நேரம். இங்கே மாலை 7 மணி என்றால் டர்பனில் 5. எல்லோருக்கும் தாங்கும் நேரம் அதுதான். கூட்டத்தில் நிரல் பேசாதீர்கள். முன்மொழிவுகளில் எது நிற்கிறது, யார் எதில் சிக்கியிருக்கிறார் என்று மட்டும் பேசிவிட்டுக் கலையுங்கள். தைப்பூசக் காவடிக் காலத்தில் இங்கே யாரும் கிடைக்க மாட்டார்கள், அந்தப் பத்து நாளுக்கு வேலை எதுவும் திட்டமிடாதீர்கள்.

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் பருவம். 2024 ஜனவரியில் பெலால் புயல் ரீயூனியனைத் தாக்கி, அடுத்து இங்கே வந்து போர்ட் லூயியில் வெள்ளம் போட்டது. தென்னாப்பிரிக்காவில் மின்வெட்டு வந்தால் மணிக்கணக்கில் ஆள் கிடைக்க மாட்டார். இதற்கு ஏற்பாடு எளிது. பாதி முடிந்த வேலையாக இருந்தாலும் அன்றன்றே களஞ்சியத்தில் தன் கிளையில் (தனக்கென்று பிரித்த நகலில்) ஏற்றிவிடுங்கள். களஞ்சியத்தின் நிர்வாக அனுமதி வெவ்வேறு ஊரில் இருக்கும் இரண்டு பேரிடமாவது இருக்கட்டும். யாராவது இரண்டு வாரம் காணாமல் போனால் அவருடைய பகுதியை இன்னொருவர் தொடலாம் என்று முதலிலேயே பேசி வையுங்கள்; திரும்பி வந்தவர் மனம் கோணாது.

படி 12: உரிமமும் முதல் வெளியீடும்

முதல் கமிட்டுக்கு (களஞ்சியத்தில் பதியும் முதல் நிரலுக்கு) முன்பே உரிமத்தை முடிவு செய்யுங்கள். ரஸ்ட் எம்ஐடி, அப்பாச்சி 2.0 இரண்டையும் சேர்த்து வைத்திருக்கிறது. சிறு மொழிக்கும் அது நன்றாகப் பொருந்தும். பின்னால் மாற்ற வேண்டுமானால் அதுவரை எழுதிய ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்க வேண்டியிருக்கும். மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள் தங்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படிக்க வேண்டும். ஓய்வு நேரத்தில் எழுதியதும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று சில ஒப்பந்தங்களில் ஒரு பத்தி இருக்கும். அப்படி இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே அவர் நிரலைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

0.1 பதிப்பில் நிபந்தனை, சுழற்சி, சார்பு, எண், சரம் போதும். பட்டியல்கூட 0.2க்குப் போகலாம். கம்பைலரோடு மூன்று விஷயம் சேர்ந்து போக வேண்டும்: ஒரே கட்டளையில் நிறுவும் வழி, பத்து மாதிரி நிரல், ஒரு எடிட்டரிலாவது சொற்களுக்கு நிறம் காட்டும் கோப்பு. வெளியிடும் முன் அதைக் குழுவில் இல்லாத ஒருவரிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் பாருங்கள். அவர் எங்கே நின்று யோசிக்கிறாரோ அதெல்லாம் 0.2க்கான இஷ்யூ (திருத்த வேண்டியவை) பட்டியல். அதிலும் பிழைச் செய்தியைப் படித்துவிட்டு நிரலைத் திருத்தாமல் உங்கள் முகத்தைப் பார்த்தார் என்றால், அந்தச் செய்தியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்; அதை முதலில் திருத்த வேண்டும்.